பிரேக் டிஸ்க்கில் தேய்ந்தது எது?

"சார், எங்கள் வண்டியில் ஒரு விந்தை இருக்கிறது. பிரேக் பிடித்தால் லிவர் விரலுக்குள் துடிக்கிறது. கையில் நாடி பார்ப்பதுபோலவே இருக்கிறது!"

இப்படிச் சொல்லிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பின்னாலேயே அவளுடைய அப்பாவும் வந்தார். எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருப்பவர் அவர். 2006-இல் வாங்கிய மோட்டார் சைக்கிளை இன்றுவரை ஓட்டிவருகிறார். கடைக்குத் துணி ஏற்றி வருவதும், மகளைப் பள்ளியில் விடுவதும் அந்த வண்டியில்தான்.

"போன மாதம்தான் சார் பேடு மாற்றினேன். டிஸ்க் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. அதில் என்ன குறை இருக்கப் போகிறது? வருகிற ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலையில் ஒரு கல்யாணம். இவளையும் அழைத்துக்கொண்டு வண்டியிலேயே போய்வரலாம் என்றிருக்கிறேன். இவள்தான் விடமாட்டேன் என்கிறாள்" என்றார் அவர்.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறும்போது எஞ்சினுக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை. ஆகவே மகளின் சந்தேகத்தை விளையாட்டாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. "வாருங்கள், அளந்து பார்த்துவிடுவோம்" என்றேன்.

வெர்னியர் சொன்ன பொய்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் உருக்குத் தட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுதான் பிரேக் டிஸ்க். ரோட்டார் என்றும் அதைச் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் 'டிஸ்க் பிளேட்' என்பார்கள். அந்தத் தட்டின் நடுப்பகுதியில் சிறிய எழுத்துகளில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கும். 'குறைந்தபட்சத் தடிமன்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமும் அதையடுத்து ஓர் எண்ணும் அதில் இருக்கும். எங்கள் முன்னிருந்த வண்டியில் அழுக்கைத் துடைத்துப் பார்த்தபோது 3.5 மி.மீ. என்று தெரிந்தது. புதிதாக இருந்தபோது அந்த டிஸ்க்கின் தடிமன் 4 மி.மீ.

மாணவி வெர்னியர் அளவியை எடுத்தாள். அதன் இரு தாடைகளுக்கும் இடையே டிஸ்க்கின் விளிம்பைப் பிடித்து அளந்தாள். 4.0 மி.மீ. என்று காட்டியது.

"பார்த்தாயா அம்மா! புதிதுபோலவே இருக்கிறது" என்று சிரித்தார் தந்தை.

ஆனால் மகள் சிரிக்கவில்லை. டிஸ்க்கின் மேல் விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தாள். ஓரத்துக்கு வந்ததும் நகம் ஒரு சிறு மேட்டில் தட்டியது. "சார், ஓரத்தில் வரப்புபோல் ஒன்று இருக்கிறதே?" என்று கேட்டாள்.

அந்த வரப்பில்தான் விஷயம் இருக்கிறது. பிரேக் பேடு டிஸ்க்கின் கடைசி விளிம்புவரை தொடுவதில்லை. ஆகவே பேடு உரசும் பகுதி மட்டும் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து பள்ளமாகிறது. ஓரம் தேயாமல் மேடாக நின்றுவிடுகிறது. வெர்னியர் அளவியின் நீண்ட தாடைகள் அந்த மேட்டின் மேல்தான் அமர்ந்தன; பள்ளத்தை அவை தொடவே இல்லை. கருவி சரியாகத்தான் அளந்தது. ஆனால் நாம் கேட்க நினைத்த கேள்விக்கு அது விடை சொல்லவில்லை!

அடுத்துத் திருகு அளவியை எடுத்தோம். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கம்பியின் தடிமனை அளக்கப் பயன்படுத்தும் அதே கருவிதான். அதன் அளவிடும் முனைகள் சிறியவை. வரப்பைத் தாண்டி, தேய்ந்த பகுதியின் நடுவிலேயே அவற்றைப் பொருத்தலாம். மீச்சிற்றளவும் 0.01 மி.மீ. சுழிப்பிழையைக் குறித்துக்கொண்ட பின், சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி எட்டு இடங்களில் அளந்தாள் மாணவி. மிக மெல்லிய இடத்தில் 3.07 மி.மீ.; மிகத் தடித்த இடத்தில் 3.16 மி.மீ. சராசரி ஏறத்தாழ 3.1 மி.மீ.

இரண்டு உண்மைகள் ஒரே நேரத்தில் வெளிப்பட்டன. முதலாவது, டிஸ்க் தன் எல்லையைத் தாண்டித் தேய்ந்துவிட்டது. இரண்டாவது, அது சீராகத் தேயவில்லை. தடித்த இடம் பேடுகளுக்கு இடையே வரும்போதெல்லாம் அவை சற்றே விலகித் தள்ளப்படுகின்றன. மெல்லிய இடம் வரும்போது நெருங்குகின்றன. அந்த அசைவே பிரேக் ஆயில் வழியாக லிவருக்கு வந்து விரலில் துடித்தது. நூறில் ஒன்பது பங்கு மில்லிமீட்டர் வேறுபாட்டை விரல் கண்டுபிடித்துவிட்டது என்றால் வியப்பாக இல்லையா?

"ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாகத் தேயவில்லையே சார்! இதற்கா புதிது வாங்க வேண்டும்?" என்று கேட்டார் தந்தை. நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண, பிரேக் என்பது உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

வேகம் எங்கே போகிறது?

ஓடும் வண்டிக்கு இயக்க ஆற்றல் உண்டு. பொருண்மையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் அந்த ஆற்றல் கிடைக்கும். வண்டியும் அதில் இருக்கும் இருவருமாகச் சேர்த்து 280 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர். இயக்க ஆற்றல் 56,000 ஜூல் ஆகிறது.

வண்டி நின்றபின் இந்த ஆற்றல் எங்கே? ஆற்றலை அழிக்க முடியாது என்று படித்திருக்கிறீர்கள். பேடுகள் டிஸ்க்கை இறுகப் பற்றும்போது உராய்வு ஏற்படுகிறது. உராய்வினால் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. குளிர்காலத்தில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறோமே, அதே கதைதான். ஆகவே பிரேக் என்பது வண்டியை நிறுத்தும் கருவி மட்டுமன்று. அது வேகத்தை வெப்பமாக மாற்றும் இயந்திரம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதை உணர்ந்திருப்பீர்கள். அதனால் முன்சக்கரம் சாலையை நன்றாக அழுத்துகிறது. பின்சக்கரத்தின் பிடிப்பு குறைகிறது. வேகமாக நிறுத்தும்போது பெரும்பகுதி வேலையை முன்பிரேக்கே செய்யவேண்டியிருக்கிறது. நம் கணக்கில் நூற்றுக்கு 70 பங்கு என்று கொள்வோம். அப்படியானால் முன்டிஸ்க்குக்கு வந்து சேரும் வெப்பம் 39,200 ஜூல்.

இத்தனை விசை விரலுக்கு எங்கிருந்து வந்தது?

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். ஓடும் வண்டியை நிறுத்தும் அளவுக்கு நம் விரல்களுக்கு ஏது பலம்?

இதற்குத் துணை நிற்பவர் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல். மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போமா? விரல்கள் லிவரை 100 நியூட்டன் விசையோடு இழுக்கின்றன. லிவர் ஒரு நெம்புகோல். அது விசையை ஐந்து மடங்காக்குகிறது என்று கொள்வோம். இப்போது 500 நியூட்டன். இந்த விசை கைப்பிடி அருகேயுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டனின் விட்டம் 12 மி.மீ. சக்கரத்தருகே டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் பகுதிக்குக் காலிப்பர் என்று பெயர். அதிலுள்ள பிஸ்டனின் விட்டம் 30 மி.மீ. விட்டம் இரண்டரை மடங்கு என்றால் பரப்பு ஆறேகால் மடங்கு அல்லவா? ஆகவே பேடின் மேல் விழும் விசை 3,125 நியூட்டன். இது ஏறத்தாழ 320 கிலோகிராம் எடைக்குச் சமம்!

இத்தனை விசையோடு இருபுறமும் நெருக்கப்படும் தட்டு அந்த மெல்லிய டிஸ்க்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் வந்த கதை

டிஸ்க் பிரேக் புதிய கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் வெகுகாலம் மூடிய உருளைக்குள் பட்டைகள் விரிந்து உரசும் டிரம் பிரேக்குகளே வழக்கில் இருந்தன. 1953-இல் பிரான்சில் நடந்த 'லெ மான்' 24 மணிநேரக் கார்ப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. அதன்பின் உலகின் பார்வை டிஸ்க்கின் பக்கம் திரும்பியது. மோட்டார் சைக்கிள்களில், 1969-இல் வெளிவந்த ஹோண்டா சி.பி.750 முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க்கோடு பெருமளவில் உற்பத்தியாகிப் புகழ் பெற்றது.

நம் நாட்டுக்கு அது மெதுவாகவே வந்தது. 1983-இல் இங்கு விற்பனைக்கு வந்த ராஜ்தூத் 350 வண்டியில் இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. 1999-இல் ஹீரோ ஹோண்டா சி.பி.இசட், 2001-இல் பஜாஜ் பல்சர் போன்ற வண்டிகள் வந்தபிறகுதான் முன்டிஸ்க் நம் தெருக்களில் சாதாரணக் காட்சியானது. அந்த நாள்களில் வாங்கிய வண்டிகள் இன்று பழைய வண்டிகள். எஞ்சினுக்கு ஆயில் மாற்றப் பழகிய நமக்கு, டிஸ்க்கும் தேயும் என்ற எண்ணம் இன்னும் பழகவில்லை.

டிரம்மைவிட டிஸ்க்குக்கு என்ன சிறப்பு? அது திறந்தவெளியில் சுழல்கிறது. காற்று பட்டு விரைவில் குளிர்கிறது. மழைநீரையும் உதறிவிடுகிறது. டிஸ்க்கில் காணும் துளைகளும் அழகுக்காக மட்டும் போடப்பட்டவை அல்ல. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே தங்கும் நீர்ப்படலம் விலக அவை வழி தருகின்றன, எடையையும் குறைக்கின்றன. மழையில் நனைந்தாலும் எளிதில் துருப்பிடிக்காமல் இருக்க, மோட்டார் சைக்கிள் டிஸ்க்குகளைப் பெரும்பாலும் துருவேறா எஃகில் செய்கிறார்கள்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம்.

பிரேக் பிடித்துச் சில வினாடிகளில் வண்டி நின்றுவிடுகிறது. அந்தச் சில வினாடிகளில் 39,200 ஜூல் வெப்பத்தையும் காற்று வாங்கிக்கொள்ள முடியாது. வெப்பத்தின் பெரும்பகுதி முதலில் டிஸ்க்கிலேயே தங்குகிறது. பின்னர்தான் மெல்ல மெல்லக் காற்றுக்குப் போகிறது. அதாவது டிஸ்க் ஒரு வெப்பக் கிடங்கு. கிடங்கு பெரிதாக இருந்தால் அதே வெப்பத்துக்கு அதன் வெப்பநிலை குறைவாக உயரும். சிறிதானால் அதிகமாக உயரும்.

அந்த வண்டியின் டிஸ்க்குக்கு 240 மி.மீ. விட்டம். பேடு உரசும் வளையத்தின் அகலம் 30 மி.மீ. துளைகளைக் கழித்துவிட்டால், 4 மி.மீ. தடிமனுள்ள புதிய டிஸ்க்கில் அந்த வளையத்தின் பொருண்மை ஏறத்தாழ 550 கிராம். இந்த எஃகின் தன்வெப்பம், கிராம் ஒன்றுக்குப் பாகை ஒன்றுக்கு 0.46 ஜூல். ஆகவே வளையம் முழுவதும் ஒரு பாகை செல்சியஸ் சூடேற ஏறத்தாழ 253 ஜூல் தேவை. இப்போது வகுத்துப் பாருங்கள்.

தடிமன் 4 மி.மீ. என்றால் ஒருமுறை நிறுத்தும்போது வெப்பநிலை ஏறத்தாழ 155 பாகை உயரும்.

தடிமன் 3.5 மி.மீ. என்றால் 177 பாகை உயரும்.

தடிமன் 3.1 மி.மீ. என்றால் 200 பாகை உயரும்!

வெப்பம் முழுவதும் டிஸ்க்கிலேயே தங்கியதாகக் கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் ஒப்பீடு மாறாது. தேய்ந்த டிஸ்க் ஒவ்வொரு முறையும் 45 பாகை அதிகமாகச் சூடேறுகிறது. அது குளிர்வதற்குள் மறுபடியும் பிரேக் பிடித்தால் அந்த 45 பாகை 90 ஆகிறது. ஆக, தேய்ந்தது வெறும் உருக்கு மட்டுமன்று. வெப்பத்தைத் தாங்கும் கிடங்கில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதி தூளாகிச் சாலையில் உதிர்ந்துபோயிற்று.

சூடேறினால் என்ன கெடுதல் என்று கேட்கிறீர்களா? டிஸ்க்கின் வெப்பம் பேடு வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகிறது. 'டாட் 4' வகைப் பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது 230 பாகைக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் சேர்ந்த நிலையில் அதன் கொதிநிலை 155 பாகைவரை இறங்கிவிடலாம். 'டாட் 3' வகையில் இந்த எண்கள் 205, 140. ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். நீர்மத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். லிவரைப் பிடித்தால் குமிழிகள் சுருங்குமே தவிர, பிஸ்டன் நகராது. லிவர் கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது.

மெல்லிய டிஸ்க்கினால் வேறு இரண்டு ஆபத்துகளும் உண்டு. சூடேறியும் குளிர்ந்தும் விரிந்து சுருங்குவதால் துளைகளின் ஓரத்தில் நுண்ணிய விரிசல்கள் தோன்றி நீளலாம். மேலும், டிஸ்க்கும் மெலிந்து பேடும் தேய்ந்துவிட்டால், பிஸ்டன் தன் உறையிலிருந்து அதிக தூரம் வெளியே வரவேண்டியிருக்கும். அப்போது அது சாய்ந்து சிக்கிக்கொள்ளலாம், ஆயிலும் கசியலாம். தயாரிப்பாளர்கள் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் டிஸ்க்கின் மேல் அந்த எண்ணைப் பொறிக்கிறார்கள்.

மலையிறக்கத்தில் 49 முறை

சமதளத்தில் ஒருமுறை நிறுத்தும் கணக்கைப் பார்த்தோம். மலையிறக்கத்தில் என்ன ஆகிறது?

280 கிலோகிராம் பொருண்மை 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கினால் இழக்கும் நிலையாற்றல் 27,44,000 ஜூல். இதை 56,000 ஆல் வகுத்தால் 49 வருகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை 49 முறை நிறுத்துவதற்குச் சமமான ஆற்றல் அது! காற்றின் தடையும் சக்கரங்களின் உருள்தடையும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்கே ஏற்றால் என்ன கதியாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதனால்தான் மலைப்பாதைகளில் குறைந்த கியரில் இறங்கவேண்டும் என்கிறார்கள். அப்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்றவேண்டியிருக்கிறது. எஞ்சினின் உராய்வும் உள்ளே காற்றை இழுக்கும் வேலையும் ஆற்றலின் பெரும்பங்கை விழுங்கிக்கொள்கின்றன. கிளட்சைப் பிடித்துக்கொண்டோ, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரில்லாமலோ பெட்ரோல் மிச்சம் என்று இறங்குபவர்கள், அந்த 49 பங்கையும் உள்ளங்கை அளவுள்ள பேடுகளின் தலையில் ஏற்றுகிறார்கள்.

இந்தக் கணக்கை மாணவி ஒரு காகிதத்தில் எழுதி அப்பாவிடம் நீட்டினாள். அவர் சிறிதுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி அம்மா, மாற்றிவிடுவோம்" என்றார்.

லேத்தில் கடையலாமா?

"மேடுபள்ளத்தை லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தினால் செலவு குறையுமே?" என்று சிலர் கேட்பார்கள். லேத்தில் கடைந்தால் மேடு குறையும். ஆனால் பள்ளம் நிரம்பாது. மிகத் தாழ்ந்த இடத்தின் மட்டத்துக்கு எல்லா இடத்தையும் குறைப்பதுதான் கடைசல். 3.07 மி.மீ. உள்ள டிஸ்க் அதற்கும் கீழே போய்விடும். துடிப்பு நின்றுவிடும், கிடங்கு இன்னும் சுருங்கும். நோயின் அறிகுறி மறைந்து நோய் வளர்வதைப் போன்றது இது.

பழைய வண்டிக்கு உதிரிப் பாகம் தேடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் டிஸ்க்குகள் எல்லாம் ஒன்றல்ல. வெளிவிட்டம், நடுத்துளையின் விட்டம், போல்ட்டுத் துளைகளின் இடைவெளி, தடிமன், சக்கரத்திலிருந்து தட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற அளவு ஆகிய ஐந்தும் ஒத்திருக்க வேண்டும். பழைய டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

மாற்றும் வேலை

சனிக்கிழமை மாலை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் இந்த வேலையைச் செய்தார். நாங்கள் அருகிலிருந்து பார்த்தோம். ஒவ்வொரு படியிலும் ஒரு பௌதிகப் பாடம் இருந்தது!

முதலில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். காலிப்பரின் இரு போல்ட்டுகளைக் கழற்றி, அதை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். ஆயில் வரும் குழாயில் அதன் பாரம் விழக்கூடாது அல்லவா? "இப்போது யாரும் லிவரைத் தொடாதீர்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும்" என்று எச்சரித்தார்.

அச்சைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்து, இரண்டு மரக்கட்டைகளின் மேல் படுக்கவைத்தார். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அதிர்வினால் தளராதிருக்க ஒருவகைப் பசை தடவி முடுக்கப்பட்டிருந்தன. சூடான காற்றால் பசையை இளக்கி, பின்னர் ஒன்றுக்கு எதிர்ப்புறம் மற்றொன்றாகத் தளர்த்தினார்.

பழைய டிஸ்க்கை எடுத்தபின் அது உட்கார்ந்திருந்த இடத்தில் துருவும் மண்ணும் தெரிந்தன. கம்பித் தூரிகையால் அதைச் சுத்தமாகத் தேய்த்தார். ஏன் தெரியுமா? அங்கே ஒரு துகள் சிக்கிக்கொண்டால், புதிய டிஸ்க்கும் சாய்ந்தே உட்காரும். நடுவில் ஒரு மயிரிழைச் சாய்வு, விளிம்பில் பெரிய ஆட்டமாகத் தெரியும்.

புதிய டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் பூசியிருந்தார்கள். அதைப் பிரேக் கிளீனரால் முற்றிலும் துடைத்தார். எண்ணெய்ப் பசை உராய்வுக்குப் பகை. புதிய போல்ட்டுகளில் பசை தடவி, நட்சத்திரம் வரைவதுபோல் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் முடுக்கினார். கடைசிச் சுற்றில் முறுக்குவிசையைக் காட்டும் ரெஞ்சினால், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கே முடுக்கினார். ஒரு போல்ட்டு மட்டும் அதிகமாக இறுகினால் தட்டு நெளியும்.

"பேடு போன மாதம்தானே மாற்றினோம்? அதையே போடலாமே" என்றார் தையற்கடைக்காரர். மெக்கானிக் பழைய பேடை எடுத்துக் காட்டினார். ஒரே மாதத்தில் அதன் முகத்தில் பழைய டிஸ்க்கின் மேடுபள்ளங்கள் அச்சாகப் பதிந்திருந்தன. அதைச் சமமான புதிய டிஸ்க்கின் மேல் வைத்தால், மேடுகள் மட்டுமே தொடும். ஆகவே பேடும் புதிதாயிற்று. தடித்த புதிய பேடுகளுக்கு இடம் வேண்டி, பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினார். தள்ளும்போது மேலே ஆயில் தொட்டியின் மட்டம் உயர்ந்தது. வழிந்தால் வண்டியின் பெயிண்டைக் கெடுத்துவிடும் என்பதால் அதைக் கவனித்துக்கொண்டார். பழைய ஆயில் கருத்திருந்தது. அதையும் மாற்றிக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றினார்.

எல்லாம் பூட்டியபின் ஒரு முக்கியமான காரியம் செய்தார். வண்டியை நகர்த்துவதற்கு முன்பே லிவரைப் பலமுறை பிடித்து விட்டார். முதல் இரண்டு முறை லிவர் கைப்பிடிவரை போயிற்று, பிறகு இறுகியது. பிஸ்டன் பேடுகளைத் தொடும்வரை இப்படிச் செய்யாமல் வண்டியை எடுத்தால், முதல் பிரேக் வேலை செய்யாது! இதை மறந்து விபத்தில் சிக்குவோரும் உண்டு.

"புதுப் பேடும் புதுத் தட்டும் ஒன்றோடொன்று பழகவேண்டும். முதல் 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். அவசரம் இல்லாவிட்டால் அழுத்திப் பிடிக்காதீர்கள்" என்றார் மெக்கானிக். அப்படியானால் மறுநாளே மலையில் இறங்குவது எப்படி? தந்தையும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் பேருந்தில் போய்வந்தார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

இரண்டு ஒரேமாதிரியான பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு லிட்டர் தண்ணீரும், மற்றொன்றில் முக்கால் லிட்டர் தண்ணீரும் ஊற்றுங்கள். பெரியவர் ஒருவர் துணையோடு, ஒரே அடுப்பில், ஒரே அளவு தீயில், ஒவ்வொன்றையும் மூன்று நிமிடம் சூடாக்குங்கள். வெப்பநிலைமானியால் அளந்து பாருங்கள். கொடுத்த வெப்பம் ஒன்றுதான். எது அதிகம் சூடேறியது? டிஸ்க்கின் கதை உங்களுக்கு உடனே விளங்கிவிடும்.

அடுத்து, உங்கள் வீட்டு வண்டி சில மணிநேரம் நின்று குளிர்ந்தபின், டிஸ்க்கில் பொறித்துள்ள எண்ணைத் தேடிப் படியுங்கள். ஓரத்தில் வரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். திருகு அளவி கிடைத்தால் எட்டு இடங்களில் அளந்து, ஒரு தாளில் எழுதிப் பெரியவர்களிடம் காட்டுங்கள். ஓடி வந்த உடனே டிஸ்க்கைத் தொடாதீர்கள். எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை இப்போது உங்களாலேயே கணக்கிட முடியும். பிரேக்கைக் கழற்றிப் பூட்டும் வேலையை மட்டும் தேர்ந்தவர்களிடமே விட்டுவிடுங்கள்.

அந்தப் பழைய டிஸ்க் என்னவாயிற்று தெரியுமா? மாணவி அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றாள். இப்போது அது ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. திருகு அளவியைப் பயன்படுத்தக் கற்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் அதை முதலில் வெர்னியர் அளவியாலும், பிறகு திருகு அளவியாலும் அளக்கிறார்கள். இரண்டு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன என்று ஆசிரியர் கேட்கிறார். அது இன்னும் கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டுதான் இருக்கிறது.